நிச்சயதார்த்தப் பீப்பாய்

மறுநாள் தங்கை ஜானட்டின் நிச்சயதார்த்தத்துக்காக வாங்கி வைத்திருந்த பீர் பீப்பாயை, ருசி பார்க்கலாமே என்று ஜெரி முதல் நாளே திறந்துவிட்டான். ஓட்டல் பாரில் வேலை செய்யும் அவன் தோஸ்து டெரிக் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கைப்பம்பு வேற அடிச்சிட்டியா? உள்ள காத்து பூந்துச்சு மாமு. இனிமே ஒரு நாள்தான் தாங்கும். அதுவும் சில்லுனு வெச்சாதான்."

"மாப்ளயோட நைனா கப்பல்ல குக்கா இருந்தவருடா. பீர் நல்லா இல்லன்னா மூஞ்சியத் தூக்கிகினு பூடுவாரு."

வீட்டு ஃப்ரிட்ஜில் பீப்பாய் நுழையவில்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் ஐஸும் கிடைக்கவில்லை. ஜெரி யோசித்து ஒரு நம்பருக்குப் போன் போட்டான். அரை மணியில் வண்டி வந்தது. நாலு பேர் ஒரு நீளப் பெட்டியை ஹாலில் இறக்கிக் கரண்ட் கொடுத்தார்கள். பீப்பாய் அதற்குள் வசதியாகப் படுத்துக்கொண்டது.

"நாளைக்கு வரைக்கும் தாங்குமாண்ணே?"

"மூணு நாளானாலும் ஒண்ணும் ஆவாது," என்றார் வண்டிக்காரர்.

வண்டி திரும்பிய பத்தாவது நிமிடம், எதிர்வீட்டு சிலுவையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே தெரு திரண்டது. அடுத்த தெருவிலிருந்து பெரிய ரோஜா மாலையோடு, மாப்பிள்ளையின் அப்பா ஜேக்கப்பும் வந்துவிட்டார்.

"சாவு வூட்டுக்கு வர்ற ஐஸ் பொட்டி இங்க எறங்குச்சுன்னாங்க. யாருப்பா பூட்டது?"

ஜெரி பெட்டியைக் கைகாட்டினான். ஜேக்கப் பெட்டியின் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். மூடியைத் திறந்து பீப்பாயைத் தொட்டார். சம்பந்தம் முறிந்தது என்றே ஜெரி முடிவு கட்டினான்.

ஜேக்கப் மாலையைச் சிலுவையம்மாளிடம் நீட்டினார்.

"நல்லா சில்லுனுதான் கீது. கல்யாணத்துக்கு ரெண்டு பொட்டியா சொல்லிடு நைனா."