ஒதுங்கி நின்ற துகள்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலையே வளர்ச்சியைத் தடுப்பதுதான். பீங்கான் பொடியை மாத்திரை போல வில்லையாக அழுத்தி உலையில் சுட்டால், உள்ளேயிருக்கும் நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடும். வில்லை சுலபமாக உடையும். அதனால் பொடியில் யிட்ரியம் என்ற வேதிப்பொருளைச் சிட்டிகையளவு கலப்பாள். துகள்கள் அடங்கிக் கிடக்கும்.

அவளுடைய ஆறாம் மாத ஸ்கேனைப் பார்த்து டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "குழந்தை வளர்ச்சி பத்தலைம்மா. அடுத்த மாசம் பார்ப்போம்."

மறுநாள் நுண்ணோக்கியின் கீழ் வைத்த வில்லையில் ஒரே ஒரு துகள் மட்டும் பெருத்திருந்தது. முதுகை வளைத்து, முழங்காலை மடக்கிப் படுத்திருப்பது போலிருந்தது. சுற்றியிருந்தவை அதற்கு இடம் விட்டிருந்தன.

"கலவை சரியாச் சேரலை போலிருக்குக்கா. தூக்கிப் போட்டுடுங்க," என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

அவளுக்கு மனசு வரவில்லை. வில்லையை மறுபடியும் உலையில் வைத்தாள். தினமும் வைத்தாள். துகளும் தினமும் கொஞ்சம் வளர்ந்தது.

அடுத்த ஸ்கேனுக்குக் கிளம்பும்போது பார்த்தால் துகளைக் காணோம். அந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. நுண்ணோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பித் தேடினாள்.

"ஒரே மாசத்துல இவ்வளவா! இனிமே கவலையே வேண்டாம்," என்று டாக்டரம்மா சிரித்தார். பக்கத்தில் நின்ற கணவன் அழுதேவிட்டான்.

மாலையில் அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, வில்லையை இன்னொரு தடவை உலையில் சுட்டுப் பார்த்தாள். பள்ளத்தைச் சுற்றியிருந்த துகள்கள் நெருங்கி வரவில்லை. பிள்ளை எழுந்துபோன படுக்கையைக் கலைக்க மனமில்லாதவர்கள் போல அப்படியே ஒதுங்கி நின்றன.