கைப்பிடிக் கம்பி

முதியோர் வாழும் வீடுகளின் குளியலறைகளில் அரசு பொருத்திய கம்பிக்கு, தன்னைப் பிடிப்பது யார் என்று தெரியும். இறுகப் பிடித்தவரை, உடம்புக்கு முடியாதவர் என்று காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"அதைத் தொடாதே. என்னைப் பிடிச்சுக்கோ" என்றார் லூர்துசாமி, பக்கவாதத்தில் விழுந்த மனைவி ரெஜினாவிடம். தினமும் அவரே தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டினார்.

ஒரு காலையில் அவருக்குக் கால் வழுக்கியது. அவளைக் கீழே விட்டுவிடாமல் இருக்க, ஒரு கையால் கம்பியை இறுகப் பற்றினார்.

மதியமே வண்டி வந்துவிட்டது.

"அவருக்கு ஒண்ணுமில்லை. முடியாதவ நான்தான். என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று கட்டிலில் கிடந்தபடி கெஞ்சினாள் ரெஜினா.

வந்த அதிகாரி கையிலிருந்த கணினித் திரையைப் பார்த்தாள். "நீங்க ஒரு தடவைகூடக் கம்பியைப் பிடிச்சதில்லையேம்மா. நல்லா இருக்கீங்க."

லூர்துசாமியை ஏற்றிக்கொண்டு வண்டி போனதும், ரெஜினா குளியலறைவரை ஊர்ந்து போனாள். தரையில் கிடந்தவளுக்குக் கம்பி எட்டவில்லை.