விரிப்பின் மேல் ஒரு கை

கணினியில் விளையாடுகிறவர்களுக்கென்றே வரும் மவுஸ்பேடுகளை, அதாவது மவுஸுக்கு அடியில் போடும் விரிப்புகளை, சோதித்து மதிப்பெண் போடுவது ரெஜினின் வேலை. பதினோரு வருடமாக அவன் கை சொன்னதை நம்பித்தான் பலர் வாங்கினார்கள்.

அன்று வந்த கறுப்புத் துணிப் பேடில் மவுஸ் வழுக்கிக்கொண்டு போனது. ஓரத் தையல் மணிக்கட்டை உறுத்தவில்லை. ஆனால் திரையில் எதிரியின் நெற்றிக்குக் குறிவைத்தால் மட்டும் சிவப்புப் புள்ளி நிற்காமல் துடித்தது. மவுஸை மாற்றினான், பேடைத் துடைத்துப் பார்த்தான், துடிப்பு போகவில்லை. ‘நெசவு சரியில்லை, பத்துக்கு மூன்று’ என்று எழுதிவிட்டு, பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி அஜிதாவைக் கூப்பிட்டான்.

“இந்தப் புள்ளிய அவன் நெத்தியில கொண்டு நிறுத்து, பாப்போம்.”

ஒரு விளையாட்டும் ஆடியறியாத அஜிதா மவுஸைப் பிடித்தாள். புள்ளி போய் அசையாமல் நின்றது.

“நல்லாத்தானே நிக்குது?”

ரெஜின் மவுஸை வாங்கினான். இம்முறை திரையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கட்டைவிரல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நாளா இப்பிடி?”

“இப்பத்தான் பாக்கேன்.”

எழுதியதை அழித்துவிட்டு, பத்துக்கு ஒன்பது என்று போட்டான். ‘குறி அசையாமல் நிற்கிறது. சோதித்தது என் மனைவி’ என்று ஒரு வரி சேர்த்தான். அனுப்பப் போனபோது அம்புக்குறி பொத்தானை விட்டு விலகி விலகிப் போனது. அஜிதா அவன் கைமேல் தன் கையை வைத்தாள். அம்புக்குறி நின்றது. இருவருமே பொத்தானை அழுத்தவில்லை.