மாப்பிள்ளை கைபட்ட மேஜை

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வாயால் ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. மாமனார் பழைய மரச்சாமான் கடைக்காரர். அவர் வெளியூர் போனபோது, கடை மாப்பிள்ளையின் பொறுப்பில் வந்தது.

அவ்வளவுதான், நடுக்கடையில் கிடந்த மேஜை அவர் கையில் சிக்கியது. மேலெல்லாம் கீறல், காலெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை, நடுவில் வட்டமாக டீக்கறை. மாப்பிள்ளை சோறு தண்ணி மறந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், ஓட்டைகளை அடைத்தார், பாலிஷ் போட்டார். கடைசியில் அந்த மேஜையில் முகம் பார்த்துத் தலைகூட வாரிக்கொண்டார்.

மாமனார் திரும்பி வந்தார். மேஜையைப் பார்த்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படி மாமா? புதுசு மாதிரியே இருக்கில்ல?"

"புதுசேதான் மாப்பிள்ளை. போன மாசம்தான் பட்டறையிலிருந்து வந்துச்சு. பழசு மாதிரி வேணும்னு ஒருத்தர் ஆசையா கேட்டாரு. அன்னையிலிருந்து உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையா ஆணியால குத்தி வச்சிருந்தேன். சாயங்காலம் எடுக்க வர்றாரு."

சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த சைக்கிள் செயினைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. இந்தாங்க, கீறல் விழற மாதிரி மேஜையை அடிங்க. நான் ஓட்டை போடறேன்."

இருவரும் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் மனைவி ஆவி பறக்க டீ கொண்டுவந்தாள். அவர் ஆவலோடு கையை நீட்டினார்.

"அது மேஜைக்கு மாப்பிள்ளை" என்றார் மாமனார்.