பாக்கியமும் முத்தையாவும்

பாக்கியத்தை அணைக்காமல் முத்தையாவைக் கிளப்பிவிட்டது தாமோதரன் செய்த தப்புதான். இரண்டும் அவனுடைய ஸ்கிரீன் ரீடர்கள். கண் தெரியாத அவனுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்வது அவற்றின் வேலை. கூடவே அபிப்பிராயமும் சொல்வது இந்த வருடத்துப் புது வசதி. ஒன்று திணறும் பக்கத்தை மற்றது படிக்கட்டும் என்று இரண்டு வைத்திருந்தான், ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாமல்.

"யாருங்க இந்தாளு?" என்றது பாக்கியம்.

"இழுத்து இழுத்துப் பேசற மெதுவண்டி, நீ யாரு?" என்றது முத்தையா.

"அப்புறம் சண்டை போடுங்க. முதல்ல பூங்கோதையோட பதிலப் படிங்க!" என்று கெஞ்சினான் தாமோதரன். 'என்னைக் கட்டிக்கிறீங்களா?' என்று அவளுக்கு எழுதி ஒன்பது நாளாகியிருந்தது.

"உங்க கடிதத்தக் கேட்டுச் சிரிச்சாங்களாம். ஆசைச் சிரிப்புங்க அது," என்றது பாக்கியம்.

"கேலிச் சிரிப்பு. 'யோசிச்சுச் சொல்றேன்'னு முடிச்சிருக்கு. வேற இடம் பாருங்க."

"வெக்கத்துல அப்படித்தான்யா எழுதுவாங்க!"

தாமோதரன் இரண்டின் வாயையும் அடைத்துவிட்டு, அவளுக்கே போன் போட்டான்.

"சிரிச்சீங்களாமே, எதுக்குங்க?"

"எனக்கும் உங்கள மாதிரியே கண் தெரியாதுல்லங்க, நானும் ரெண்டு வெச்சிருக்கேன். உங்க கடிதத்தப் படிச்சுட்டு ஒண்ணு அழுதுச்சு, இன்னொண்ணு எழுத்துப்பிழைய எண்ணுச்சு. சிரிக்காம என்ன பண்றது?"

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சுட்டேன். கட்டிக்கிறேனுங்க. ஆனா வரும்போது ஒண்ண மட்டும் கூட்டிட்டு வாங்க. நாலும் ஒரே வீட்டுல இருந்தா நாம எப்பங்க பேசறது?"