வலது காதுக்குப் பின்னால்

ராக் கச்சேரி அரங்கின் வாசலில் பாதுகாவலர் ஒரு பிளாஸ்டிக் கூடையுடன் நின்றிருந்தார். அந்தக் குழுவின் பாட்டுகளெல்லாம் எதிர்கால உலகைச் சொல்லும் ஒரு சைபர்பங்க் நாவலில் வரும் பாதி இயந்திரக் கதாநாயகியைப் பற்றியவை. ரசிகர்களும் அவளைப் போலவே ஒரு பக்கம் மொட்டை, காதுக்குப் பின்னால் வில்லை, ஒயர் என்று வந்திருந்தார்கள்.

“வேஷத்தையெல்லாம் கூடையில போடுங்க. போகும்போது எடுத்துக்கலாம்.”

அப்பாவுடன் வந்த பெண்ணின் முறை வந்தது.

“உனக்குத் தனியா சொல்லணுமாம்மா? கழட்டு.”

அவள் சிரித்தபடி நின்றாள்.

“என்ன சார், நீங்களும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க! வீட்டுல கண்டிக்கறதில்லையா?”

“அந்தப் பக்கம் முடியை மழிச்சு விட்டதே நான்தான் சார்” என்றார் அப்பா.

“நல்லா இருக்கு போங்க! ஏம்மா, கழட்டப் போறியா இல்லியா?”

“கழட்டினா பாட்டு கேக்காதுங்கண்ணா. இது வேஷம் இல்ல, எனக்குக் காது கேக்கற மெஷின்.”

பாதுகாவலர் கூடையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். “மன்னிச்சுக்கம்மா. உள்ள போ.”

பள்ளிக்கூடம் முடியும் வரை அதைக் கூந்தலால் மூடியே வளர்ந்தவள். அந்தப் பாட்டுகளைக் கேட்டு, நாவலையும் தேடிப் படித்த பிறகுதான், “இந்தப் பக்கம் மழிச்சு விடுப்பா” என்று வந்து நின்றாள்.

வரிசையில் அடுத்து நின்ற பெண் தன் அட்டை வில்லையைக் கூடையில் போட்டுவிட்டு, ஏக்கத்தோடு எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நிஜமானதா? கொடுத்து வெச்சவங்க நீங்க!”

தன் மகளை யாரும் அப்படிச் சொல்லி அப்பா கேட்டதே இல்லை.

“நல்லா இரும்மா” என்றார் அந்தப் பெண்ணிடம்.