வாளியில் உட்கார்ந்த அப்பா

சாஃப்ட்பால் அணித் தேர்வு முடிந்த திடலில் செம்மண் புழுதி இன்னும் அடங்கவில்லை. வேலியோரம் டாரெல், காலிப் பந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மகள் ப்ரின்லி வீசும் பந்துகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இந்த வருஷம் அவள் மேல் வயதுப் பிரிவுக்கு ஏறியதால், பத்து வயதுக்காரர்களின் சின்னப் பந்து போய், பன்னிரண்டு வயதுக்காரர்களின் பெரிய பந்து வந்திருக்கிறது. அது அவள் விரல்களுக்குள் அடங்கவில்லை, காலையிலிருந்து வீச்சில் வேகமே இல்லை. பயிற்சியாளர் ரோண்டா வருகிறாள். "இவள பி டீம்ல போட்டிருக்கேன், டாரெல்." முட்டி நெட்டி முறிய அவன் எழுந்திருக்கிறான். வண்டியில் வரும்போதே யோசித்து வைத்த ஆறுதலை எடுக்கிறான். "பாரு கண்ணு, அடுத்த வருஷம் ஏ டீம்ல..." ப்ரின்லி சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு ரோண்டாவைப் பார்க்கிறாள். "பி டீம்ல யாரு பந்து போடுவா?" "நீதான். ஏ டீம்ல மூணு பெரிய பொண்ணுங்க இருக்காங்க. அங்க போனா பெஞ்சதான் தேய்ச்சிட்டு இருப்ப." காது வரை ஏறியிருந்த ப்ரின்லியின் தோள்கள் மெல்ல இறங்குகின்றன. "ஏ டீம்ல போட்டுருவீங்களோன்னு காலைல சாப்பிடவே முடியல எனக்கு." டாரெல் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறான். "ஏம்ப்பா நிக்கிற? உக்காரு." அவன் உட்கார்கிறான். பெரிய பந்து கையுறைக்குள் வந்து விழுகிறது. உள்ளங்கை சுரீரென்று எரிகிறது, இன்றைக்கு முதல் முறையாக.